இரண்டு பாங்கும் ஒரு மணியோசையும்

விளம்பம் காலமாகிவிட்டார் என்ற செய்தி குழுவில் வந்தபோது நான் நம்பவில்லை. நீங்கள் எல்லோரும் நம்பிவிட்டீர்கள். கூப்பிய கைகளும் கண்ணீர் முகங்களும் மளமளவென்று திரையில் வந்து விழுந்தன. எனக்குக் கை எழவில்லை. செய்தி அவருடைய இலக்கத்திலிருந்தே வந்திருந்தது. "வாப்பா இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிவிட்டார். அவருக்காக எல்லோரும் பிரார்த்தியுங்கள். மகள்." மகள் என்றால் எந்த மகள்? ஒருவருடைய தொலைபேசி கையில் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் மகளாகலாம். போதாததற்கு, இந்த மனிதர் ஏற்கெனவே ஒருமுறை எங்கள் குழுவில் இறந்து, அஞ்சலியெல்லாம் பெற்றுக்கொண்டு, திரும்பி வந்தவர்.

அதனால் கூப்பிய கைகளுக்கு நடுவே நான் ஒரேயொரு சொல்லைப் போட்டேன். "சாட்சி?"

சிலருக்குக் கோபம் வந்தது. சென்னையிலிருந்து ஒருவர் தனியாக அழைத்து, உங்களுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று கேட்டார். ஈரம் இருந்தபடியால்தான் கேட்டேன். அவர் போய்விட்டார் என்பதை இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிவைக்க எனக்கு அந்த ஒரு சொல்தான் கையில் இருந்தது.

பதில் எனக்கு மட்டும் தனியாக வந்தது. "நீங்கதான் நிஷாதம் அன்டியா? நீங்க இப்பிடிக் கேப்பீங்க எண்டு வாப்பா சொல்லித்தான் வெச்சவர். நான் நஸ்ரினா." அந்தப் பெயரைப் படித்ததும் என் சந்தேகம் முடிந்தது. விளம்பம் தன் மகளின் பெயரைக் குழுவில் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் எனக்கு அது பல வருடங்களாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்வதுதான் இந்த அஞ்சலி. நஸ்ரினாவின் அனுமதியோடு எழுதுகிறேன். அவருடைய சொந்தப் பெயரை மட்டும் எழுதமாட்டேன். கல்முனையில் காணி உறுதி எழுதியவர்களுக்கு அவரை நொத்தாரிசாகத் தெரியும். நமக்கு அவர் விளம்பம். அது போதும்.

புதிதாகக் குழுவில் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. வாட்ஸ்அப் எல்லாம் வருவதற்கு முன்னர் இது ஒரு மின்னஞ்சல் குழு. கர்நாடக இசையில் பைத்தியம் பிடித்த இருபது முப்பது பேர். வாரத்துக்கு ஒருவர் ஒரு சிறிய ஒலித்துண்டைப் போடுவார். என்ன ராகம் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். எல்லோருக்கும் புனைபெயர்தான். நான் நிஷாதம், அவர் விளம்பம். பெயருக்கேற்ற மாதிரி மெதுவாக, அவருடைய பதில் எப்போதும் கடைசியாகத்தான் வரும்.

சாட்சி என்ற விதியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். கனடாவில் இருந்த ஒருவர் எந்தத் துண்டைப் போட்டாலும் சுடச்சுடச் சரியான விடை சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கெல்லாம் அவர்மேல் பக்தி. விளம்பத்துக்கு மட்டும் சந்தேகம். எந்த இடத்தில் கண்டுபிடித்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். உணர்ந்தேன் என்று கனடாக்காரர் எழுதினார். "உணர்ந்தால் போதாது. எந்த இடத்தில் உணர்ந்தீர்கள் என்று காட்டுங்கள்" என்று விளம்பம் விடவில்லை. பிறகுதான் தெரிந்தது, மனிதர் இசைத்தட்டு உறைகளைப் பார்த்து விடை எழுதிக்கொண்டிருந்தார் என்று. அதிலும் இரண்டு உறைகளில் ராகம் தவறாகவே அச்சாகியிருந்தது. அன்றிலிருந்து குழுவில் ராகத்தின் பெயர் மட்டும் சொன்னால் செல்லாது. எந்த நொடியில், எந்தப் பிடியில் அது தன்னைக் காட்டிக்கொடுத்தது என்றும் சொல்ல வேண்டும். "உறையை நம்பாதீர்கள். அதை எழுதினவனுக்கும் ஏதாவது அவசரம் இருந்திருக்கும்" என்று அவர் அப்போது எழுதியதைச் சிலர் இன்னும் மறக்கவில்லை.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். போத்தலில் ஒட்டிய பெயரை நம்பி முடிவு எழுதக்கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். ஆனால் பிடித்துப்போவது வேறு, நம்புவது வேறு. யார் இவர், எங்கே இருக்கிறார், எதற்காக இவ்வளவு துருவுகிறார் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நான் பாண்டிருப்பில் இருந்துகொண்டு, கொழும்பு என்று குழுவில் சொல்லியிருந்தேன். அவர் கடலோரம் என்று மட்டும் சொல்லியிருந்தார். இலங்கையில் கடலோரம் என்பது ஒரு விலாசமா?

பிறகு கடல் வந்தது. அந்தச் சுனாமி நாட்களைப் பற்றி நம் கரைக்காரர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நான் வாரக்கணக்காக ஆஸ்பத்திரியை விட்டு அசையவில்லை, கணினியின் நினைவே இல்லை. அந்த இடைவெளியில் குழுவில் இருந்தவர்கள் விளம்பத்தைத் தேடியிருக்கிறார்கள். கடலோரம் என்று சொன்னவரிடமிருந்து பதில் வரவில்லை. ஒருவர் விசாரிக்க, இன்னொருவர் ஊகிக்க, மூன்றாமவர் உறுதிசெய்ய, அவர் இறந்துபோனார். அழகான அஞ்சலி எழுதினார்கள். அதனுடன், இரங்கலுக்குப் பொருத்தமாக முகாரி என்று ஒரு நாதஸ்வரத் துண்டையும் சேர்த்தார்கள்.

நான் திரும்பக் குழுவைத் திறந்து, அந்த அஞ்சலியைப் படித்து, மனம் கனத்து இருந்தபோதுதான் அவருடைய பதில் வந்தது. "எனக்காக அழுதவர்களுக்கு நன்றி. நான் இறக்கவில்லை. வீடும் ஒலிநாடாக்களும் கடலோடு போய்விட்டன. ஆட்கள் தப்பினோம். ஆனால் நீங்கள் போட்டிருப்பது முகாரி இல்லை. மேலே ஏறும்போது காந்தாரம் கேட்கிறது. முகாரியில் ஏறும்போது காந்தாரம் வராது. அது பைரவி." இறந்தவர் உயிரோடு வந்ததைவிட, முகாரி பைரவியானதுதான் அன்று குழுவில் பெரிய சண்டையாகப் போனது. நான் சிரித்தேன். கடல் வந்துபோன பிறகு அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்கு அடுத்த சந்தேகம் வந்தது. இவர் உண்மையில் பழைய விளம்பம்தானா, அல்லது அவருடைய கடவுச்சொல்லைக் கண்டெடுத்த வேறு யாரோவா? பைரவியைப் பிடித்தபடியால் அவர்தான் என்று முடிவுசெய்தேன்.

யுத்தம் திரும்பத் தொடங்கிய வருடங்கள் அதைவிட மோசமானவை. ஆட்களைக் கடத்திப்போகும் வெள்ளை வேன் என்றால் எல்லா வீட்டிலும் பேச்சு நின்றுவிடும். யார் யாருடைய ஆள் என்று தெரியாது. தமிழர்களின் பாண்டிருப்பும் முஸ்லிம்கள் நிறைந்த கல்முனையும் ஒட்டிக்கொண்டு கிடக்கிற ஊர்கள். பகலில் நாங்கள் அவர்களுடைய கடைக்குப் போவோம், அவர்கள் எங்களிடம் மீன் வாங்குவார்கள். பொழுதுபட்டால் தமிழர் தமிழர் பக்கம், முஸ்லிம்கள் முஸ்லிம்கள் பக்கம் போய்க் கதவைச் சாத்திவிடுவோம். அந்த நாட்களில்தான் என் தம்பியின் கூட்டாளி ஒருவனைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அடுத்தது தம்பி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவன் கொழும்புக்குப் போய்விட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பின்னறையில் வைத்துப் பூட்டினோம். அடுத்த வீட்டுக்குக்கூடத் தெரியாது.

அந்தப் பதற்றத்திலும் நான் குழுவை விடவில்லை. சொன்னால் வெட்கம், ஆனால் அதுதான் எனக்கு மூச்சுவிடும் இடம். புதிர் போடும் முறை எனக்கு வந்தது. என் பழைய வயலினை எடுத்து, ஆரபியா தேவகாந்தாரியா என்று குழம்புகிற மாதிரி ஒரு துண்டை வாசித்து, பின்னேரம் ஒன்றில் பதிவுசெய்து அனுப்பினேன். இரண்டுக்கும் ஏறும் சுரங்கள் ஒன்றுதான். ஆரபி விறுவிறுவென்று போகும், தேவகாந்தாரி இழைந்து நிற்கும். நான் வேண்டுமென்றே இரண்டுங்கெட்டான் வேகத்தில் வாசித்தேன்.

வழக்கம்போலக் கடைசியாக அவருடைய பதில் வந்தது. தேவகாந்தாரி, சாட்சி இன்ன இடத்து அசைவு என்று சரியாகவே எழுதியிருந்தார். கூடவே எனக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல். "உங்கள் துண்டில் இன்னொரு விடையும் இருக்கிறது. வயலினுக்குப் பின்னால் இரண்டு பள்ளிவாசல் பாங்கு கேட்கிறது. ஒன்று முந்தித் தொடங்குகிறது, மற்றது பிந்தி. கோயில் மணியும் கேட்கிறது. மணி கிட்ட, பாங்கு தூர. நீங்கள் கொழும்பில் இல்லை, பாண்டிருப்பில் இருக்கிறீர்கள். கடைசியில் உள்ளறையில் ஒரு வாலிபன் இருமுகிறான். உடனே அதை எடுத்துவிடுங்கள்."

நான் அதைப் படித்தது கல்முனையில், காசு கொடுத்து இணையம் பார்க்கும் ஒரு கொம்யூனிகேஷன் கடையில். துண்டை உடனே அழிக்கச் செய்தேன். ஆனால் கேட்டவர் கேட்டுவிட்டார். இது எச்சரிக்கையா, மிரட்டலா? வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாத ஒரு மனிதனுக்கு, எங்கள் வீட்டில் யார் ஒளிந்திருக்கிறான் என்பது தெரிந்துவிட்டது. அதுவும் என்னால். பாங்கை வைத்தே இடம் சொல்கிறவர் என்றால் பக்கத்தில்தான் இருக்கிறார். நம் ஆள் என்றாலும் பயம், மற்றப் பக்கத்து ஆள் என்றாலும் பயம். நான் பதில் எழுதவில்லை. குழுவிலும் வாயைத் திறக்கவில்லை. வீட்டு வாசலில் சைக்கிள் ஒன்று நின்றாலும் போய்ப் பின்னறைப் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

அடுத்த வாரம் அவரிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. அதில் ஒரு ஒலித்துண்டும் இருந்தது. "நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள். நானும் உங்கள் இடத்தில் இருந்தால் நம்பமாட்டேன். ஒரு பக்கம் மட்டும் ஒப்பம் வைத்த உறுதி செல்லாது. ஆகவே என்னுடைய ஒப்பத்தையும் அனுப்புகிறேன். இதை நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இனி இரண்டு பக்கமும் பயம் சரிசமன்."

துண்டில் ஒரு பழைய வானொலிக் கச்சேரி. அதை நான் கேட்கவேயில்லை. பின்னால் இருந்ததைத்தான் கேட்டேன். நெல் மில்லின் பெல்ட் அடிக்கும் சத்தம். அதற்குப் பின்னால் பாங்கு, இந்த முறை மிகக் கிட்ட. பாட்டில் ஏதோ ஒரு பிடி வந்ததும், ஒலிவாங்கியின் பக்கத்தில் இருந்த ஆண் குரல் "ம்ஹும்" என்கிறது. பிறகு உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "நஸ்ரினாட வாப்பா, தேத்தண்ணி ஆறிப் போகுது" என்று கூப்பிடுகிறது. புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத அந்த மனிசி, அப்படித்தான் தன் மகளின் பெயரை எனக்குச் சொன்னாள்.

அதையும் நான் உடனே நம்பவில்லை. ஒலித்துண்டை யாரும் எங்கேயும் பதிவுசெய்யலாம். அஸர் தொழுகை நேரம் பார்த்து, கல்முனைப் பக்கம் சைக்கிளில் போனேன். மில்லைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எதிரே இருந்த கடையில் சவர்க்காரம் வாங்குகிற மாதிரி நின்றேன். மில் பெல்ட் அடித்தது. பாங்கு தொடங்கியது. பக்கத்து வீட்டு மதிலில் பிரசித்த நொத்தாரிஸ் என்று பலகை தொங்கியது. பாடசாலைச் சீருடையோடு ஒரு பிள்ளை கேற்றைத் திறக்க, உள்ளேயிருந்து அதே பெண் குரல் "நஸ்ரினா, செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வா" என்றது. சவர்க்காரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இசையைப் பற்றி ஊரில் மூச்சும் விடாத ஒரு மனிதர், பள்ளிவாசல் நிருவாகத்தில் பெயருள்ளவர், தன் வீட்டையும் பெண்டாட்டி பிள்ளையையும் முகம் தெரியாத ஒருத்தியின் கையில் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டு இருமலுக்கு ஈடாக.

தம்பி பத்திரமாகக் கட்டாருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, நான் அவருக்கு இரண்டே சொல் எழுதினேன். "இருமல் சுகம்." அவர் ஒரே வரியில் பதில் போட்டார். "ம்ஹும். நல்லது." அந்த ம்ஹுமை எழுத்தில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாங்கள் நேரில் சந்தித்தது யுத்தம் முடிந்த பிறகு. தன் சார்பில் ஒப்பம் வைக்கத் தம்பி அப்பாவுக்கு அற்றோணித் தத்துவம் அனுப்பியிருந்தான், அதை வைத்து அவனுடைய காணிக்கு உறுதி எழுத வேண்டியிருந்தது. ஊரில் வேறு நொத்தாரிசுகள் இருந்தார்கள், ஆனால் நான் அப்பாவை அந்த மில்லுக்குப் பக்கத்து நொத்தாரிஸ் கந்தோருக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். மெலிந்த, வெள்ளைத் தாடி வைத்த மனிதர். அப்பாவின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒப்பத்தை மூன்று தரம் வைக்கச் சொன்னார். அப்பாவையே அப்பாதானா என்று சந்தேகிக்கிறவர் மாதிரி இருந்தது. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானும் யாரென்று சொல்லவில்லை.

கந்தோர் மூலையில் வானொலி மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர், இப்போது தர்பார் ராகத்தில் என்று சொல்லி ஒரு பாட்டைப் போட்டார். கொஞ்ச நேரம் போனது. நொத்தாரிசின் பேனை நின்றது. "ம்ஹும்" என்றார்.

"நாயகி" என்றேன் நான். அவரும் அதே நொடியில் அதையே சொன்னார்.

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நொத்தாரிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பாண்டிருப்பா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "இருமினவர்ட காணியா இது?" ஓம் என்றேன். அவர் எழும்பி, உள்கதவைத் திறந்து, "இஞ்சப் பாருங்க, ரெண்டு தேத்தண்ணி கூடப் போடுங்க" என்று சொன்னார். உள்ளேயிருந்து பதில் சொன்ன குரல் எனக்குப் பழக்கமான குரல்.

அன்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஒரு உடன்படிக்கை செய்தோம். சண்டை முடிந்துவிட்டது, இனி ஒருவரிடம் ஒருவர் பிணை வைத்திருக்கத் தேவையில்லை, அவர் தன்னிடமுள்ள என் துண்டையும் நான் என்னிடமுள்ள அவர் துண்டையும் அழித்துவிட வேண்டும் என்று. வீட்டுக்குப் போய் இருவரும் அழித்துவிட்டேன் என்று எழுதினோம். எனக்கு அவருடைய சொல்லில் முழு நம்பிக்கை வரவில்லை, அடுத்த முறை கண்டபோது சாட்சி கேட்டேன். "அழிச்சதுக்கு என்னெண்டு புள்ள சாட்சி காட்டுற? இல்லாத சாமானக் கொண்டு வந்து மேசையில வெக்க ஏலுமா?" என்று கேட்டார். உறுதி எழுதி வந்த காலம் முழுக்க இப்படியொரு சிக்கல் தனக்கு வந்ததில்லை என்றார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "நீங்க அழிச்சீங்களா?" என்று கேட்டார். அழித்துவிட்டேன் காக்கா என்றேன், அண்ணன் முறை சொல்லி. அவர் "ம்ஹும்" என்றார்.

அதற்குப் பிறகும் இத்தனை வருடம் குழுவில் நாம் எல்லோரும் அவரோடு சண்டை பிடித்தோம். கைத்தொலைபேசியை வானொலிக்குப் பக்கத்தில் பிடித்தால் ராகத்தின் பெயர் சொல்லுமாம் என்று யாரோ சொன்னபோது, அது சாட்சியும் சொல்லுமா என்று கேட்டு அந்தப் பேச்சை முடித்துவைத்தார். மனைவி மௌத்தான வருடம் மட்டும் அவர் புதிர் எதுவும் போடவில்லை. நான் போய் இருந்துவிட்டு வந்தேன். வீட்டில் ஆட்கள் நிறைய இருந்தார்கள், சத்தம் இல்லை. வெளியே வந்து என்னோடு நின்றவர், "வீட்டுச் சத்தமே மாறிப்போச்சு" என்று மட்டும் சொன்னார். அவரிடம் அதற்குச் சாட்சி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நஸ்ரினாவிடம் திரும்பி வருகிறேன். ஜனாஸா அடக்கம் முடிந்து சில நாட்களின் பின் அவள் என்னை அழைத்தாள். வாப்பாவின் கணினியை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, பெயரில்லாத ஒலித்துண்டு ஒன்று கிடைத்தது என்றாள். ஒரு வயலின் வாசிக்கிறது, இரண்டு பாங்கு கேட்கிறது, கோயில் மணி கேட்கிறது, கடைசியில் யாரோ இருமுகிறார்கள். அடிக்கடி அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டு இருப்பார். "என்ன ராகம் வாப்பா எண்டு கேட்டா, சாட்சி உள்ள ஆள்ட்டக் கேள் எண்டு சொல்லுவார். அது நீங்கதானே அன்டி?"

ஆகவே நண்பர்களே, என் சந்தேகம் சரி. விளம்பம் அழிக்கவில்லை. ஒரு நொத்தாரிஸ், அழித்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, என் வீட்டு இருமலை இத்தனை வருடமும் தன்னிடம் வைத்திருந்தார்.

நான் அவளுக்குத் தேவகாந்தாரி என்று சொன்னேன், எந்த இடம் சாட்சி என்றும் சொன்னேன். பிறகு என் பழைய பெட்டியைத் திறந்து, நான் வைத்துக்கொண்டிருந்ததை அவளுக்கு அனுப்பினேன். அவருடைய சந்தேகமும் சரிதான். நானும் அழிக்கவில்லை.

பிறகு நஸ்ரினாவின் குரல் வந்தது. அழுதுகொண்டிருந்தாள். "அன்டி, இது உம்மா. உம்மாட கொரல் எங்களிட்ட ஒண்டுமே இல்ல. வாப்பாட்டயும் இருக்கல்ல." இன்னொருமுறை போட்டுக் கேட்டுவிட்டு, "உம்மா எண்ட பேரச் சொல்லிக் கூப்புடுறா" என்றாள்.

விளம்பத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தத் துண்டுதான். நெல் மில் ஒன்று, பாங்கு ஒன்று, ஒரு "ம்ஹும்", தேத்தண்ணி ஆறிப்போகிறது என்று கூப்பிடும் ஒரு பெண். இப்போது அதன் பிரதி நஸ்ரினாவிடமும் இருக்கிறது. இந்த முறை யாரும் யாரையும் அழிக்கச் சொல்லவில்லை.